நனையாத இடது கால்

சாரத்தின் மேல் நின்றவரை என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து, அப்பாடா என்று சுவரோரம் உட்கார்ந்த பிறகுதான் உடைந்தது. பலகை மேலிருந்த சிமெண்ட் மூட்டைக்கு அந்த நேரம் பார்த்துத்தான் கீழே வரவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கொத்தனார் வேலையில் நான் உட்கார்ந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் இப்படி.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இடது கால், முழங்காலுக்குக் கீழே, மாவுக்கட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். கட்டுப் போட்டது அவள்தான். மாவுக்கட்டு அறையில் உதவியாள் வேலை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் கட்டுக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். மாவுத்துணியை வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, என் காலைச் சுற்றிச் சுற்றி, இரண்டு உள்ளங்கையாலும் தடவிக்கொண்டே வந்தாள். எனக்கு வலியில் உயிர் போனது. ஆனாலும் பூச்சு வேலை கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காதே.

"ஓரத்துல பிசிறு நிக்குதும்மா. மட்டப்பலகை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிடும்."

"யோவ், இது செவுரு இல்ல, காலு."

"எதுவா இருந்தா என்ன, பூச்சு பூச்சுதானே?"

"பேசாம படு. இல்லன்னா வாய்க்கும் சேர்த்துக் கட்டிடுவேன். மாவு மிச்சம் இருக்கு."

அவளும் நாற்பதைத் தாண்டியவள்தான். கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை, ஒவ்வொரு கட்டடமாக முடித்துக்கொண்டே போனதில் அது விட்டுப்போயிற்று. கட்டு இறுக்குகிறது என்று ஒரு தடவை போனேன். அரிக்கிறது என்று ஒரு தடவை. பிறகு இறுக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை, ஆனாலும் போனேன். "இப்ப என்ன?" என்றாள். "விரிசல் விட்டிருக்கான்னு பாக்கணும்" என்றேன். குனிந்து, கட்டைத் தட்டிப் பார்த்து, "கட்டுல விரிசல் இல்ல, உங்க மண்டையிலதான் இருக்கு" என்றாள். யோவ் போய் நீங்க வந்துவிட்டதைக் கவனித்தேன். அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

"எங்க அண்ணனைக் கேளுங்க. அவர் சரின்னாத்தான்" என்றாள்.

அவளுடைய அண்ணன் தையல்காரர். அப்பா அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்தே தங்கையை வளர்த்தவர். கழுத்தில் அளவு நாடாவோடுதான் என்னைப் பார்த்தார். பார்வையாலேயே தோள் எத்தனை, இடுப்பு எத்தனை என்று எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஆள் பரவால்ல. ஆனா எங்க சபையில ஞானஸ்நானம் எடுக்காத ஆளுக்குக் கல்யாணம் கிடையாது, கொத்தனார்."

"நான் எடுத்திருக்கேனே. கைக்குழந்தையா இருக்கும்போதே கொடுத்துட்டாங்க."

"அது தெளிப்பு. இஸ்திரி போடறதுக்கு முன்னாடி துணிமேல நானும் தெளிக்கிறேன். அதுக்காகத் துணியைத் துவைச்சாச்சுன்னு சொல்ல முடியுமா? எங்க சபையில முழுக்கு. உச்சி முதல் பாதம் வரைக்கும் உள்ள போயி வெளிய வரணும்."

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. எங்கள் அப்பா தெளிக்கிற சபை. அக்கா ஆர்.சி., அதாவது கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், மாதா சுரூபத்துக்கு முன்னால் நிற்பதா, கும்பிடுவதா, கண்டுகொள்ளாமல் போவதா என்று அப்பாவுக்குத் தெரியாததால், பேரன் பிறந்தபோதுகூட வாசலில் நின்றே பார்த்துவிட்டு வந்தார். இப்போது நான் முக்கிற சபைக்குப் போகிறேன் என்றதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை வாங்கினது பத்தாதாடா? எங்க சாமியாரே உனக்கு அப்பா சபையில கொடுத்தது செல்லும்னு சொல்றாரு. இவங்களுக்கு மட்டும் ஏன் செல்லல?"

"தெரியலக்கா. எனக்குக் கல்யாணம் ஆகணும்."

"அதைச் சொல்லு முதல்ல" என்றாள் அக்கா.

கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. கட்டுப் பிரிக்கும் நாள் அதற்கும் பிந்தி வந்தது. அங்கேதான் சிக்கல். கால் உள்ளே போகவேண்டும் என்றார் அவர்களுடைய சபைப் பாஸ்டர். நனைந்தால் கட்டு கரைந்து, எலும்பு கோணிப்போகும் என்றாள் அவள்.

"விசுவாசம் இருந்தா கட்டு கரையாது, சிஸ்டர்" என்றார் பாஸ்டர்.

"பாஸ்டர், மாவுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள் அவள்.

கடைசியில் பாஸ்டர் இறங்கி வந்தார். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போகட்டும், அந்த ஒரு காலை மட்டும் யாராவது மேலே பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவர்களுடைய கூட்டம் நடப்பது முன்பு பெயிண்ட் டப்பா அடுக்கி வைத்திருந்த ஒரு நீளக் கிடங்கில். மேலே தகரக் கூரை. ஒரு பக்கச் சுவரில் மின்விசிறிக்கான சுவிட்சுகள், எதிர்ப்பக்கம் கழிவறையும் குடிதண்ணீர்க் குழாயும். கோடியில் ஒரு மேடை. மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் தண்ணீர்த் தொட்டி. அதைக் கட்டியவன் யாரோ, ரசமட்டத்தைக் கண்ணாலும் பார்க்காதவன். தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொடும், மறுபக்கம் தொடாது.

வாசலில் காவல்காரர் ஒருவர் உண்டு. அவர் சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கிற சபை. "ஞாயித்துக்கிழமை எனக்குச் சாதா நாள். அதனாலதான் இந்த வேலையே கிடைச்சுது" என்பார். கட்டுக்காலோடு நான் ஊன்றுகோலில் வருவதைப் பார்த்து, "கிழமையே தப்பு. இதுல கால் எங்க சரியாவப்போவுது?" என்றார்.

தண்ணீரில் இறங்குமுன் ஒரு காகிதத்தைப் படிக்கவேண்டும். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுத்துக் கற்றவன் நான், எழுத்தெழுத்தாகத்தான் வரும். நான் கூட்டிக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முன்வரிசையில் இரண்டு குழந்தைகள் தூங்கிவிட்டன. இடுப்பளவுத் தண்ணீர். கால் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. தையல்காரர் தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டு என் குதிகாலை இரு கையாலும் ஏந்திக்கொண்டார், கால்சட்டைக்கு நீளம் பார்ப்பதுபோல. பாஸ்டர் சொல்லவேண்டியதைச் சொல்லி என்னைப் பின்னால் சாய்த்தார். காதில் தண்ணீர் அடைத்தது. கண்ணைத் திறந்தால், தண்ணீருக்கு மேலே, தூரத்தில், என் கால் தனியாகத் தெரிந்தது. யாருடையதோ மாதிரி இருந்தது.

எழுந்ததும் கைதட்டினார்கள். பாட்டு ஆரம்பித்தது. தையல்காரர் என்னைத் தோளோடு அணைத்து, "மாப்ள!" என்றார். கொத்தனார் மாப்பிள்ளையாகிப் பாட்டின் ஒரு அடிகூட முடிந்திருக்காது.

முன்வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு அம்மா இருக்கிறார். சபையே அவரை அத்தை என்றுதான் அழைக்கும். அவர் எழுந்தார்.

"பாஸ்டர், ஒரு சந்தேகம். கால் வெளியில இருந்துச்சே?"

பாட்டு நின்றது.

"அது கட்டு, அத்தை. மருத்துவக் காரணம்" என்றார் பாஸ்டர்.

"சரிதான். நான் காலைப் பத்திக் கேக்கறேன். அது இப்ப என்ன சபை?"

எனக்கே குனிந்து அதைப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

பாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு கேள்வி உள்ளே போய்விட்டால் அவரால் தூங்க முடியாது. மறுநாளே வந்து, யோசித்துப் பார்த்ததாகவும், முழுக்கு என்றால் முழுசுதான் என்றும், கட்டுப் பிரித்ததும் அந்தக் காலை மட்டும் கொண்டுவந்து முக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றும், அதுவரை கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்றும் சொன்னார். நான் சரியென்றேன். தள்ளிப் போவதெல்லாம் எனக்குப் பழக்கம்.

தையல்காரர் குதித்தார்.

"ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாஸ்டர்! இன்னிக்கு உடம்பு, அடுத்த மாசம் காலுன்னா, இது என்ன தவணை முறையா? காலை மறுபடி முக்கினா முதல்ல எடுத்தது செல்லாதுன்னு ஆயிடும். அப்ப நான் பிடிச்சது என்ன? செல்லாத ஞானஸ்நானத்துக்கா நான் முட்டி போட்டேன்?"

"பிடிச்சதுதான் பிரதர் பிரச்சினையே."

"அப்ப என் கைமேல தப்பா?"

இப்படித்தான் பிளந்தது. பாஸ்டர் பக்கம் ஒரு பாதி, கால் மிச்சம் இருக்கிறது என்று. தையல்காரர் பக்கம் மறுபாதி, எல்லாம் முடிந்தது என்று. வாசல் காவல்காரர் முதல் கூட்டத்துக்கு மிச்சக் கட்சி என்றும் மற்றதுக்கு முடிஞ்ச கட்சி என்றும் பேர் வைத்தார். அவர்களும் கொஞ்ச நாளில் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

என் நிலைமை இதுதான்: காலை முக்காவிட்டால் பாஸ்டர் கல்யாணம் பண்ணி வைக்கமாட்டார். முக்கினால் தையல்காரர் தங்கையைத் தரமாட்டார். அண்ணனை மீறி அவள் வரமாட்டாள். தெருவில் பார்த்தால் தையல்காரர் மறுபடி "என்ன, கொத்தனாரே" என்றார். கொத்தனார் என்றாலாவது பரவாயில்லை; அந்த ஏ-யில் ஊசி இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தலைக்கு ரெண்டு தடவை கிடைச்சிருக்கு. காலுக்கு ஒரு தடவைகூட இல்ல. தலையிலேருந்து கொஞ்சம் காலுக்குக் கொடுக்க முடியாதாமா?"

"சிரிக்காதக்கா."

"சாமியார்கிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றாள். கேட்டிருக்கிறாள். சாமியார், தலையில் ஊற்றினாலே ஆள் முழுவதற்கும் சேரும், காலுக்கென்று தனியாக ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டாராம். இதைக் கொண்டுபோய்ச் சொன்னதில் மிச்சக் கட்சிக்கும் கோபம், முடிஞ்ச கட்சிக்கும் கோபம். அந்த ஒரு நாள்தான் இரண்டு கட்சியும் ஒன்றாக இருந்தன.

பிறகு சுவர். கிடங்கை இரண்டாகப் பிரித்துக்கொள்வது, நடுவே சுவர் வைப்பது என்று முடிவாயிற்று. வேறு கொத்தனாரை நம்பமாட்டார்களாம். ஒரு அங்குலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தாத ஆள் நான் ஒருவன்தான் என்று இரண்டு தரப்பும் சேர்ந்தே வந்து கேட்டது. எந்தக் காலால் பிரிந்தார்களோ அந்தக் காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, நான் செங்கல் வைத்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அத்தை ஒரு கல் நீட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரர் ஒரு கல் நீட்டுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகவேண்டிய ஆளை நடுவில் உட்காரவைத்து, அவன் கையாலேயே கட்டச் சொன்னார்கள். கூலியை இரண்டு தரப்பும் பாதிப் பாதியாகத் தந்தது, அதில் குறை சொல்லமுடியாது.

சுவரை முழுசாக எழுப்பமுடியவில்லை. சுவிட்சுகள் ஒரு பக்கம், கழிவறை மறுபக்கம். அவர்களுக்குக் காற்று வேண்டும், இவர்களுக்கு அவசரம் வரும். அதனால் நடுவில் ஒரு வாசல் விட்டேன். கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதில் இன்றுவரை முடிவில்லை. வெறும் நிலைதான் நிற்கிறது.

சுவர் தொட்டிக்குள்ளும் இறங்கியது. பாதித் தொட்டியில் ஆளை மல்லாக்கச் சாய்க்க இடம் போதாது. மிச்சக் கட்சி உட்காரவைத்து முக்கத் தொடங்கியது. முடிஞ்ச கட்சி நிற்கவைத்து, குனியவைத்து முக்கியது. கொஞ்ச நாளில் உட்கார்ந்தால்தான் தாழ்மை என்று ஒரு பிரசங்கமும், நின்றால்தான் உயிர்த்தெழுதல் என்று இன்னொரு பிரசங்கமும் சுவருக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் நடந்தன. என் சுவர் ஒன்பது அங்குலச் சுவர். அதனால் ஒருவர் பேசியது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. மெல்லிய சுவராக வைத்திருக்கலாமோ என்று பிறகு நினைத்தேன்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. தூறல். ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், மாவுக்கட்டு அறைக்கு வெளியே நீளப் பெஞ்சின் ஒரு கோடியில் பாஸ்டரும் அத்தையும். பாஸ்டரின் காலடியில் புது வாளி ஒன்று, மூடியோடு. கால் வெளியே வந்ததும் ஆறவிடாமல் முக்கிவிடுவதாகத் திட்டம். இன்னொரு கோடியில் தையல்காரர். மடியில் ஏதோ நீல நிறத்தில் மடித்து வைத்திருந்தார். விரித்துக் காட்டினார். மழைக்கோட்டுத் துணியில் தைத்த கால்சட்டை. ஒரே ஒரு கால்தான் இருந்தது. இடது.

"வெளியில மழை பெய்யுது. நாலு சொட்டு பட்டாக்கூட, அதான் நனைஞ்சிடுச்சேன்னு அந்தப் பக்கம் பேச்சு வரும். இதைப் போட்டுக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிடுங்க. இடுப்புல நாடா வச்சிருக்கேன்" என்றார். தையல் அருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

"மச்சான், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நான் இனி குளிக்கவே கூடாதா?"

"குளியல் வேற. யார் கொண்டுபோறா, எதுக்குக் கொண்டுபோறாங்கிறதுதான் விஷயம்."

"அதேதான் நாங்களும் சொல்றோம்" என்றார் பாஸ்டர் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து.

"நீங்க சொல்றது வேற."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அடுத்த ஆள்! ஆள் மட்டும் வரட்டும். வாளியெல்லாம் வெளிய."

கதவைச் சாத்தினாள். சின்ன ரம்பம் ஒன்றால் கட்டை நீளவாக்கில் அறுத்தாள். மாவுத் தூள் பறந்தது. இரண்டாக விரித்து எடுத்தபோது, உள்ளேயிருந்த கால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெளுத்து, சூம்பி, தோல் பொருக்குப் பொருக்காக, மயிர் ஒட்டிப்போய்க் கிடந்தது. அதற்காக இத்தனை சண்டையா என்று வெட்கமாக இருந்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் அவள். கிண்டல்தான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்திருந்தாள். யாருக்குக் கட்டுப் பிரித்தாலும் செய்வதுதான். காலைப் பிடித்து உள்ளே இறக்கினாள். கூச்சத்தில் உதறினேன்.

"ஆட்டாதீங்க."

தண்ணீரை வாரி வாரி முழங்கால் வரை விட்டாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். மாவும் செத்த தோலும் கரைந்து தண்ணீர் சுண்ணாம்புக் கரைசலாயிற்று. என் காலை ஒருத்தர் இப்படி உட்கார்ந்து கழுவியது எனக்கு விவரம் தெரிந்து இல்லை. நாளெல்லாம் ஈரச் சிமெண்டில் நின்ற கால் அது. குழாயடியில் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவிக்கொண்டு பழகிய கால். மறுபடி உதறிவிட்டேன்.

"ஆட்டாதீங்கன்னு சொல்றேன்ல?"

துணியால் ஒற்றி எடுத்து, கதவைத் திறந்தாள். மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள். முதலில் என் காலைப் பார்த்தார்கள். பிறகு அறைக்குள் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார்கள்.

"என்ன பண்ணின?" என்றார் தையல்காரர்.

"கழுவினேன்."

"முழுசா உள்ள போச்சா?" என்றார் பாஸ்டர்.

"ஊறினாத்தானே பொருக்கு விடும்? முழுசாத்தான் வச்சேன்."

"வசனம் ஏதாவது சொன்னியா?" என்றார் தையல்காரர், கால்சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"ஆட்டாதீங்கன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"இன்னொரு தடவையும் சொன்னேன். உங்க மாப்ள ஆட்டிக்கிட்டே இருந்தாரு."

அத்தை அங்கலாய்த்தார். "மூணாவது தடவை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? பிதாவுக்கு ஒண்ணு, குமாரனுக்கு ஒண்ணு, பரிசுத்த ஆவிக்கு ஒண்ணுன்னு ஆயிருக்குமே."

பாஸ்டர் வாளியின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். யோசித்தார். "கால் தண்ணிக்குள்ள போயி வந்திருச்சு. சபையில முழுக்கு எடுத்த சிஸ்டரோட கையாலதான் போயி வந்திருக்கு. எனக்கு இனி கேள்வி இல்ல" என்றார்.

அதே நேரம் தையல்காரரும் பேசிக்கொண்டிருந்தார். "வசனம் சொல்லல. அப்ப இது வெறும் கழுவல். ரெண்டாவது ஞானஸ்நானம் நடக்கல. முதல்ல எடுத்தது எடுத்ததுதான்."

இருவரும் நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாளைக்குப் பிறகு சண்டை போட ஒன்றும் கைவசம் இல்லை. வாளியை என்ன செய்வதென்று பாஸ்டருக்குத் தெரியவில்லை. தையல்காரர் ஒற்றைக் கால்சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பாவமாக இருந்தது.

"அப்ப தேதி?" என்றாள் அவள்.

தேதி வைத்தார்கள். சுவரை இடித்துவிடவா என்று கேட்டேன். கடப்பாரை எடுத்துவரக்கூடத் தயாராக இருந்தேன். "எதுக்கு?" என்றார் பாஸ்டர். "நல்ல சுவராச்சே" என்றார் தையல்காரர். இரண்டு பக்கமும் புதிதாக மைக் வாங்கியிருந்தார்கள். அதோடு உட்கார்ந்தா நின்றா என்ற விஷயம் வேறு இருந்தது.

கல்யாணம் எந்தப் பக்கத்தில் என்று மறுபடி பேச்சு எழுந்தது. அது வளர்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள், "வாசல் இருக்குல்ல?" என்று.

அப்படித்தான் நான் விட்ட வாசலில், கதவில்லாத நிலைக்கு நடுவே, நாங்கள் நின்றோம். அந்தப் பக்கம் ஒரு சபை, இந்தப் பக்கம் ஒரு சபை. அக்காவும் அத்தானும் எந்தப் பக்கமும் உட்காராமல் காவல்காரரோடு வெளியே ஜன்னலில் நின்றார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காவல்காரர் சாதா உடையில்தான் இருந்தார். பாஸ்டர் தம் பக்கம் நின்று சொல்லவேண்டியதைச் சொல்ல, தையல்காரர் தம் பக்கம் நின்று தங்கையின் கையை எடுத்துக் கொடுத்தார். நான் போட்டிருந்த கால்சட்டை அவர் தைத்ததுதான். இரண்டு கால் வைத்திருந்தார்.

மோதிரம் போடும் நேரம். குறுகலான வாசல். இருவர் நிற்க இடம் போதாது. என் வலது கால் பாஸ்டர் பக்கம் இருந்தது. இடது காலை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தேன். முன்வரிசையில் அத்தை கழுத்தை நீட்டி அதையே பார்ப்பது தெரிந்தது. சுவருக்கு அப்பாலும் சில கழுத்துகள் நீண்டன. கால் அங்குமிங்கும் ஆடியது.

அவள் தன் பாதத்தால் என் பாதத்தைத் தரையில், சரியாக நிலைக்கட்டை மேல், அழுத்தினாள்.

"ஆட்டாதீங்க" என்றாள்.

மூன்றாவது தடவை. அத்தைக்குக் கேட்டிருக்காது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.